ஆகாய கங்கை எங்கே பிறக்கிறது?

கொல்லிமலையில், அறப்பளீசுவரர் கோவிலுக்குக் கீழே, சுமார் 300 அடி உயரத்தில் இருந்து கொட்டுகிறது ஆகாய கங்கை அருவி. பெயரைக் கேட்டால், வானத்துத் தண்ணீர் நேராக வந்து விழுவது போலத் தோன்றும். மழைதான் மூலம், சந்தேகம் இல்லை. ஆனால், மழை நின்று பல நாள் ஆன பிறகும் ஓடை ஓடுகிறதே! அந்தத் தண்ணீர் எங்கே இருந்தது?

மண்ணுக்குள் இருந்தது. மேட்டில் பெய்த மழையில் ஒரு பகுதி பூமிக்குள் இறங்குகிறது. பாறை வெடிப்புகளில் தங்குகிறது. பிறகு பள்ளத்தில் ஊற்றாகக் கசிகிறது.

சரி, மழை நாளில் பெருகும் வெள்ளம்? அது அன்று பெய்த மழைதான் என்று பலரும் நினைப்பார்கள். அதுவும் முழு உண்மை அல்ல. கனடா நாட்டின் ஓடைகளை ஆராய்ந்த ஸ்க்லாஷ், பார்வோல்டன் என்ற இருவர் 1979-ம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டனர். அங்கே வெள்ளத்தில் பெரும் பகுதி, முன்பே நிலத்தில் இருந்த பழைய தண்ணீர்!

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? மழைத் தண்ணீரில் உப்பு குறைவு. பாறையில் ஊறி வந்த தண்ணீரில் அதிகம். மழையில் 10 பங்கு, ஊற்றில் 100 பங்கு, ஓடையில் 70 பங்கு உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடையில் மூன்றில் இரண்டு பங்கு பழைய நீர் என்று கணக்கு சொல்லிவிடும். இன்னும் நுட்பமாக அறிய, தண்ணீரில் எடை கூடிய பிராணவாயு எவ்வளவு என்று அளக்கிறார்கள்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. கொல்லிமலையில் சாமையும் கேழ்வரகும் விளைந்த பல நிலங்களில் இன்று மரவள்ளி நிற்கிறது. சரிவில் கிழங்கு தோண்டினால் மண் இளகும். இளகிய மண்ணை மழை அடித்துப் போகும். மண் போனால் தண்ணீர் தங்க இடம் ஏது? மலையில் ஊற்று வற்றினால், அடிவாரத்தில் ஐயாற்றை நம்பும் விவசாயியும் தவிப்பான்.

ஆகவே, தடுப்பணை கட்டும் முன்பும், ஆழ்குழாய்க் கிணறு போடும் முன்பும், ஓடைக்குத் தண்ணீர் தரும் சரிவு எது என்று அரசாங்கம் கண்டறிய வேண்டும். எந்த ஊற்று எந்த மாதம் வற்றும் என்பது மலைவாசிகளுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டு, ஒவ்வொரு ஊற்றுக்கும் பதிவேடு வைக்கலாம். மழைமானியும், உப்பு அளக்கும் சிறு கருவியும் இருந்தால், பள்ளிப் பிள்ளைகளே வாரந்தோறும் அளந்து எழுதிவிடுவார்கள்.

அருவியைப் பார்க்க ஆயிரம் படி இறங்குகிறோம். அதைக் காப்பாற்ற வேண்டுமானால், முதலில் மேலே உள்ள சரிவைக் காப்பாற்ற வேண்டும்.