ராத்திரியிலும் தணியாத சூடு: சென்னையில் நீராவி செய்யும் வேலை என்ன?

கத்திரி வெயில் நேரத்தில் சென்னையில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "வெயில் போயும் சூடு போகலையே!" நள்ளிரவிலும் ஃபேன் காற்று அனலாகத்தான் வருகிறது. கான்கிரீட் கட்டடங்கள் இதற்கு ஒரு காரணம். பலரும் கவனிக்காத இன்னொரு காரணம், காற்றில் இருக்கும் நீராவி.

நீராவி என்ன செய்கிறது?

பகலில் சூடான தரை, அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக மேலே அனுப்புகிறது. உலர்ந்த காற்றில் 99 சதவீதம் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இந்தக் கதிர்களைத் தடுப்பதில்லை. நீராவி அப்படி விடுவதில்லை. கதிர்களை உறிஞ்சி, எல்லாத் திசைகளிலும் திரும்ப வெளியிடுகிறது. அதில் ஒரு பங்கு தரைக்கே திரும்பி வருகிறது. 1859-ல் தொடங்கிய சோதனைகளில் இதை அளந்து காட்டியவர் ஜான் டிண்டால்.

அப்போ ஊட்டியில் உறைபனி எப்படி?

வளிமண்டல நீராவியில் பாதிக்கு மேல், கடல் மட்டத்திலிருந்து 2 கிலோமீட்டர் உயரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஊட்டி அதற்கும் மேலே, சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத, வறண்ட இரவுகளில் தரையின் வெப்பம் தடையின்றி வெளியேறிவிடும். காலையில் புல் மேல் உறைபனி படிந்திருக்கும்.

அப்படின்னா புவி வெப்பமாதலுக்கு நீராவிதான் காரணமா?

இல்லை. நீராவி சுமார் 10 நாட்களில் மழையாக இறங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடு பல நூற்றாண்டுகள் தங்கும். அது காற்றைச் சூடாக்க, ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அந்த நீராவி சூட்டை இன்னும் கூட்டும். தொடங்கி வைப்பது கார்பன், பெருக்குவது நீராவி.

நமக்கு என்ன பாதிப்பு?

பகல் வெயிலில் களைத்த உடம்பு தேறுவது ராத்திரியில்தான். ஈரக் காற்றில் வியர்வையும் காய்வதில்லை. பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, இரவு வெப்பம் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் இந்திய வானிலை ஆய்வு மையம் அதை 'வெப்ப இரவு' என்று வகைப்படுத்துகிறது. பகலில் 37 டிகிரியோடு நின்ற ஒரு கடலோர ஊரின் தூக்கமில்லாத ராத்திரி இந்தக் கணக்கில் வராது.

அதனால், இனி வானிலை அறிக்கையில் அதிகபட்ச வெப்பநிலையை மட்டும் பார்க்காதீங்க. குறைந்தபட்ச வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பாருங்க. வீட்டில் முதியவர்களும் குழந்தைகளும் இருந்தால் இது ரொம்ப முக்கியம்.