பழைய கணினியும் புதிய பெட்டகமும்

சென்ற மாதம் ஒரு மாலை நேரம், ராத்தா வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மர்ஹூம் வாப்பா அவர்கள் கொழும்பில் கடை வைத்திருந்த காலத்து நிகழ்ச்சிகளைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல, மச்சான் அவற்றை ஒலிப்பதிவு செய்து, 2005-ஆம் ஆண்டு வாங்கிய கணினியில் சேர்த்து வைத்திருந்தார். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை. கணினியோ தள்ளாடும் பருவத்தை அடைந்துவிட்டது. ஆகவே, அதிலுள்ளவற்றை மாற்றிக்கொள்ள மருமகன் 2 டெராபைட் அளவுள்ள வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி வந்திருந்தான். தன் குழந்தைகளின் படங்களை ஏற்கெனவே அதில் ஏற்றியும் வைத்திருந்தான்.

"மாமா, முன்பக்கம் செருகினேன், டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. பின்பக்கம் மாற்றினேன். இப்போது, 'இந்தத் தட்டு வடிவமைக்கப்படவில்லை, வடிவமைக்கவா?' என்று திரையில் கேட்கிறது. 'ஆம்' என்று அழுத்திவிடவா?"

"கையை எடு தம்பி, இதோ வருகிறேன்" என்று கிளம்பினேன்.

அன்று அவன் கேட்காமல் அழுத்தியிருந்தால், அவனுடைய படங்கள் அத்தனையும் பறிபோயிருக்கும். இந்த நிலை நம்மில் பலருக்கும் நேரக்கூடியது என்பதால், நடந்ததைச் சற்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சத்தம். இத்தகைய சிறு பெட்டகங்களுக்குத் தனி மின்இணைப்பு கிடையாது. தட்டைச் சுழற்றும் மின்சாரத்தைக் கணினியின் யூஎஸ்பி துளையிலிருந்தே அவை பெறுகின்றன. 2008-இல் வந்த யூஎஸ்பி 3.0 துளை 900 மில்லிஆம்பியர் வரை தரும். அதற்கு முந்திய, 2000-இல் வந்த யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மட்டுமே. முன்பக்கத் துளைகள் உள்ளே நீண்ட கம்பியால் இணைக்கப்பட்டிருப்பதால் அதுவும் குறைந்து சேரலாம். போதிய மின்சாரம் இல்லாதபோது தட்டு சுழலத் தொடங்கித் தோற்று, மீண்டும் முயலும். அந்த ஓசைதான் அது. பின்பக்கத் துளையில், நீளம் குறைந்த கம்பியால் செருகுவதே நல்லது. அதிலும் இயங்காவிடில், தனி மின்இணைப்புள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றை இடையில் வைக்கலாம்.

அடுத்தது வேகம். புதிய பெட்டகம் பழைய துளையிலும் வேலை செய்யும். ஆனால் பழையதன் வேகத்திலேயே செய்யும். யூஎஸ்பி 2.0-இல் 100 ஜிகாபைட்டை மாற்ற ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். அதற்கும் முந்திய 1.1 துளையாயின் ஒரு முழு நாளுக்கு மேலாகும். பொறுமை வேண்டும்.

இனி, அந்தக் கேள்விக்கு வருவோம். தகவல்களை அடுக்கி வைக்கும் முறைகள் பல உள்ளன. ராத்தா வீட்டுக் கணினியிலிருந்த விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வந்தது. புதிய பெட்டகத்திலிருந்த எக்ஸ்ஃபேட் முறையோ 2006-இல் வந்தது. பின்னர் பிறந்த மொழியை முன்னது அறியாது. தனக்குப் படிக்கத் தெரியாத ஏட்டை வெற்றேடு என்று எண்ணி, 'புதிதாகக் கோடு போடட்டுமா?' என்று கேட்கிறது. எனவே, தகவல் உள்ள தட்டைக் குறித்து இக்கேள்வி எழுந்தால், 'இல்லை' என்பதே விடை.

நாங்கள் செய்தது இதுதான். பெட்டகத்தை மருமகனின் மடிக்கணினியில் செருகிப் படங்கள் அனைத்தையும் அதில் நகல் எடுத்தோம். சிலவற்றைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டோம். பிறகே பெட்டகத்தை என்டிஎஃப்எஸ் முறையில் வடிவமைத்தோம். அம்முறை எக்ஸ்பிக்கும் புரியும், இன்றைய விண்டோஸுக்கும் புரியும். ஃபேட்32 என்னும் முறையும் உண்டு. ஆனால் அதில் 4 ஜிகாபைட்டைத் தாண்டிய ஒற்றைக் கோப்பு ஏறாது. 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட பெட்டகங்கள் பலவற்றை எக்ஸ்பி அறவே கண்டுகொள்ளாமற் போகலாம் என்பதையும் வாங்கும் முன் நினைவிற் கொள்க.

இன்னும் சில எச்சரிக்கைகள். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு உதவி 2014 ஏப்ரலுடன் முடிந்துவிட்டது; ஆகவே அக்கணினியை இணையத்துடன் இணைக்காமலே வேலையை முடியுங்கள். நகல் எடுத்த பெட்டகத்தைப் புதிய கணினியில் வைரஸ் சோதனை செய்த பின்னரே கோப்புகளைத் திறவுங்கள். கம்பியை வெடுக்கென்று பிடுங்காமல், பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டு எடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே பெட்டகத்தை நம்பிப் பழையதை அழித்துவிடாதீர்கள். இரண்டாவது நகல் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

இரவு பத்து மணியளவில் மடிக்கணினியில் அந்த ஒலிப்பதிவைத் திறந்தோம். கடையைத் திறந்த முதல் நாள் கதையை வாப்பா சொல்லத் தொடங்கினார்கள். சமையற்கட்டில் இருந்த ராத்தா, கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசற்படியில் நின்றார். கதை முடியும்வரை உட்காரவேயில்லை.