போகித் தீயில் கம்பெனிச் சரக்கு

ஒரகடம் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். குடியிருப்பவர்கள் எல்லோரும் ஷிப்ட் வேலைக்குப் போகும் பையன்கள். பாதிப் பேர் தென் மாவட்டம், மீதிப் பேர் ஒடிசா, பீகார். போகியன்று விடியற்காலையில் கொல்லையில் தீ மூட்டுவதில் மட்டும் இவர்களுக்குள் பேதமே கிடையாது. குளிருக்கும் ஆச்சு, கொண்டாட்டத்துக்கும் ஆச்சு.

அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. புகையில்லாப் போகி கொண்டாடுங்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. யார் கேட்கிறார்கள்? தீயே கூடாது என்பதைவிட, தீயில் என்ன விழுகிறது என்று பார்ப்பதுதான் நடக்கிற காரியம் என்பது என் கட்சி.

என் மாமியார் காலத்தில் இந்தக் கொல்லையில் எரிந்தது கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், பிய்ந்த முறம். எல்லாம் மண்ணில் விளைந்தவை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்துக்கு ரெனோ-நிசான் வந்தது. ஆலைகளோடு தெர்மாகோல், பிளாஸ்டிக் உறை, ரெக்சின் துண்டு, ஒயர், டயர் எல்லாம் வந்தன. போகிக்கு முந்தின நாள் எங்கள் தெருவில் சேர்கிற குவியலைப் பார்த்தால் ஏதோ கோடவுனைக் காலி செய்தது போல இருக்கும். டயரின் கரும்புகையாவது கண்ணுக்குத் தெரியும். ஒயர் மேல் இருக்கும் பிவிசி எரிந்தால் கிளம்பும் அமில வாயுவும் டையாக்சினும் தெரிவதில்லை.

இதில் பலரும் நல்லது என்று நம்புவது, சரக்கை அடுக்கி அனுப்பும் பேலட் கட்டை. “மரம்தானே அக்கா, நல்லா நின்னு எரியும்” என்று ஒரு பையன் தூக்கிக்கொண்டு வந்தான். திருப்பிப் பார்க்கச் சொன்னேன். ஏற்றுமதி, இறக்குமதிக்குப் போகும் கட்டையில் கோதுமைக் கதிர் படத்தோடு முத்திரை இருக்கும். அதில் ஆங்கிலத்தில் எச்.டி. என்றிருந்தால், பூச்சி சாகும்படி மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடேற்றியது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டியது. அதை எரிக்கவே கூடாது. அவன் கட்டையில் எச்.டி.தான் இருந்தது. ஆனால் ஒரு மூலையில் எண்ணெயோ பெயின்டோ கொட்டிக் கறுத்திருந்தது. முத்திரை சரியாக இருந்தாலும் இப்படிக் கறை பட்டது வேண்டாம், பிளைவுட்டும் வேண்டாம். அன்றைக்குக் காய்ந்த வேப்பங்கிளையும் தென்னை மட்டையும்தான் எரிந்தன. யாருக்கும் குறை ஒன்றும் தெரியவில்லை.

பழைய செல்போன், பவர் பேங்க், தீர்ந்துபோன சென்ட் ஸ்பிரே டப்பா ஆகியவை குவியலுக்குள் போய்விட்டனவா என்று கிளறிப் பார்த்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். அவை வெடிக்கும். தீ பிடிக்கவில்லை என்று பெட்ரோலோ தின்னரோ ஊற்றுகிறவனுக்கு என் கொல்லையில் இடமில்லை. பைக்குகள், கேஸ் சிலிண்டர், கொடியில் காயும் கம்பெனி யூனிபார்ம் எல்லாவற்றையும் விட்டு எட்டத்தில், தலைக்கு மேல் கரண்ட் ஒயரோ கீற்றோ இல்லாத இடத்தில் சின்னதாக மூட்டினால் போதும். இரண்டு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். மேளம் அடிக்கிற பிள்ளைகளுக்கு நைலான் துணி வேண்டாம், உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சுட்டுவிட்டால் பேஸ்ட், இங்க் எதையும் தடவாமல் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாம்பலுக்கு அடியில் கங்கு மறுநாள் வரை கிடக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்ற வேண்டும்.

மார்கழிக் காலையில் தரையோரக் காற்று குளிர்ந்து அசையாமல் நிற்பதால் புகை மேலே போகாமல் அப்படியே தங்கிவிடும். 2018 போகியன்று சென்னையில் இறங்க முடியாமல் பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. விமானத்துக்குத் திரும்பிப் போக வேறு ஊர் இருக்கிறது. சிங்கப்பெருமாள் கோயில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையில் நைட் ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு பைக்கில் வருகிறவனுக்கு?

திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவு என்றால் 25,000 ரூபாய் அபராதம் என்று 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. எங்கள் பக்கம் யாரும் கட்டி நான் பார்த்ததில்லை. அபராதத்தைவிடக் குப்பை அள்ளும் டிராக்டர் பலன் தரும். போகிக்கு முன் பழைய டயர், துணி, பாய்களைச் சென்னை மாநகராட்சி வாங்கிக்கொள்கிறது. ஒரகடம், வல்லம், மாத்தூர், சுங்குவார்சத்திரத்திலும் அதைச் செய்யலாம். போகிக்கு இரண்டு நாள் முன்னதாக ஊராட்சிகள் தெருத்தெருவாக வண்டி அனுப்பட்டும், அதற்கான செலவைக் கம்பெனிகள் ஏற்கட்டும். அவர்களிடமிருந்து வந்த சரக்குதானே.