பலாப்பழமும் பாராளுமன்றமும்

போன வாரம் நெல்லிக்குப்பத்திலிருந்து கிளம்பி, பண்ருட்டியில் மாறி, நெய்வேலி பஸ் ஏறினேன். ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி. அதிலும் ஒரு பலாப்பழம் உட்கார்ந்திருந்தது. ஜன்னலோரத்தில் அதன் சொந்தக்காரப் பெரியவர்.

"ஐயா, பழத்தைக் கொஞ்சம் கீழே வெச்சீங்கன்னா..."

"லக்கேஜ் போட்டிருக்கேன் தம்பி" என்று டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். சட்டப்படி பழம் உட்கார்ந்திருந்தது. பி.காம். நின்றுகொண்டிருந்தது.

கண்டக்டர் வந்தார். அரை நிமிஷ விசாரணை. "கவர்மெண்டு வண்டி பெரியவரே. இதுக்குள்ள நான் சொல்றதுதான் சட்டம்" என்று பழத்தைத் தூக்கிக் கொண்டுபோய்ப் படிக்கட்டோரம் வைத்துவிட்டார்.

"உருண்டு விழுந்தா யாரு பொறுப்பு?"

"நீங்கதான்!"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சீட்டு எனக்கல்லவா கிடைத்தது!

உட்கார்ந்ததும் மோகன் குமாரமங்கலம் ஞாபகம் வந்தது. (பலாப்பழத்தைப் பார்த்து அவரை நினைத்த முதல் ஆசாமி நானாகத்தான் இருக்கும்.) ஜமீன் வீட்டுப் பிள்ளை. அப்பா சுப்பராயன் சென்னை மாகாண முதல் மந்திரி. அண்ணன் இந்திய ராணுவத் தளபதி. இவர் ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துவிட்டுக் கம்யூனிஸ்டாகத் திரும்பி, ஜெயிலுக்கும் போனார். 1960-களில் கட்சியை விட்டு விலகிக் காங்கிரஸுக்கு வந்தார். 1971-ல் நம் பக்கத்துப் பாண்டிச்சேரியில் ஜெயித்து, இந்திரா காந்தியின் மந்திரிசபையில் உருக்கு, சுரங்கத் துறை மந்திரி ஆனார். தனியாரிடமிருந்த நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு. கட்சியைத்தான் விட்டார், கொள்கையை விடவில்லை.

அவர் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1970-ல் பாங்குகளை நாட்டுடைமை ஆக்கிய சட்டத்தை சுப்ரீம் கோர்ட் அடித்தது. அதே வருஷம் ராஜாக்களின் மானியத்தை நிறுத்திய உத்தரவையும் அடித்தது. 'ஏழைக்காகப் பாராளுமன்றம் சட்டம் போட்டால், பணக்காரனின் சொத்துரிமை குறுக்கே வந்து படுத்துக்கொள்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்த சபை பெரிதா, நீதிபதி பெரிதா?' - கேள்வி சுருக்கமாக இதுதான். நம் கண்டக்டரின் வாதம்தான், ஈட்டன் இங்கிலீஷில்.

1973 ஏப்ரல் 24. கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர், அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பில் பாராளுமன்றம் கை வைக்க முடியாது என்று தீர்ப்பளித்தார்கள். மறுநாளே மூன்று சீனியர் நீதிபதிகளைத் தாண்டி ஏ.என்.ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மூவரும் ராஜினாமா. 'நீதிபதியின் கண்ணோட்டத்தைப் பார்த்து நியமிக்க அரசாங்கத்துக்கு உரிமை உண்டு' என்று மக்களவையில் வாதாடியவர் குமாரமங்கலம். அந்த மே 31-ம் தேதி டெல்லி அருகே விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார். பின்னால் நடந்ததைப் பார்க்க அவர் இல்லை.

பின்னால் என்ன நடந்தது? எமர்ஜென்ஸி. 1976 ஏப்ரல் 28-ல் ரே தலைமையிலான பெஞ்ச், காரணமில்லாமல் உள்ளே போட்டாலும் 'ஏன்' என்று கோர்ட்டில் கேட்கக்கூட உரிமை இல்லை என்றது. ஐந்து பேரில் முடியாது என்றவர் எச்.ஆர்.கன்னா ஒருவர்தான். அடுத்த வருஷம் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது. பணக்காரனின் பழத்துக்காகத் திறந்த கதவு வழியே சாமானியனின் சட்டையும் போயிற்று. அந்தத் தீர்ப்பு தப்பு என்று சுப்ரீம் கோர்ட் சொல்ல 2017 ஆயிற்று. சொன்னவர், அன்று ரேயோடு சேர்ந்து கையெழுத்திட்ட நீதிபதி சந்திரசூட்டின் மகன்!

சரி, கம்யூனிசமே வேண்டாம் என்றவர்கள் மட்டும் கேட்டார்களா? செக் நாட்டு வாக்லாவ் கிளாவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி போனதும் நிதி மந்திரி, பிறகு பிரதமர், பிறகு ஜனாதிபதி. 'தனி மனித சுதந்திரத்துக்கு வேலி சொந்த நாடுதான். ஐரோப்பிய யூனியன் அந்த வேலியைப் பிடுங்குகிறது' என்பது அவர் கட்சி. லிஸ்பன் ஒப்பந்தத்தில் கடைசி ஆளாக 2009 நவம்பரில்தான் கையெழுத்துப் போட்டார். ஆனால் 1993-ல் செக்கோஸ்லோவாகியா இரண்டாகப் பிரிந்தபோது, பேசி முடித்த இரண்டு பிரதமர்களில் அவர் ஒருவர். ஜனங்களிடம் வாக்கெடுப்பு? கிடையாது. (2011-ல் சிலி நாட்டு விழாவில் மேஜை மேலிருந்த பேனாவை நைஸாக அவர் கோட்டுக்குள் போட்டதை உலகமே டி.வி.யில் பார்த்தது. விருந்தாளி எடுத்துக்கொள்ளலாமாம். அதற்கு ஏன் ஸார் மேஜைக்கு அடியில் கொண்டுபோக வேண்டும்?)

ஒருவர் பாராளுமன்றம் என்றார், இன்னொருவர் தேசம் என்றார். இரண்டுமே 'நாங்கள்தான் நீ' என்று சொல்லிவிட்டு நம்மைக் கேட்க மறந்துவிடுகின்றன.

நெய்வேலி நெருங்கியது. 1957-ல் நேரு தொடங்கி வைத்த சுரங்கம். ஊருக்கெல்லாம் வெளிச்சம், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு. யாரும் மறுக்க முடியாது. ஆனால் 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, கதிர் வந்த நெல்லின் மேல் இயந்திரம் ஏறியதையும் பார்த்தோம். நிலம் எப்போதோ எடுத்தாகிவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது என்றது நிர்வாகம். இரண்டு மாதம் பொறுக்கக் கூடாதா என்று கேட்டார் உயர் நீதிமன்ற நீதிபதி. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது கோர்ட். ஜமீன்தாருக்குத்தான் தேவை என்று நினைத்த கோர்ட், கடைசியில் ரெண்டு ஏக்கர்காரனுக்குத்தான் தேவைப்பட்டது.

ஒரு ஸடன் பிரேக். பழம் உருண்டு வந்து என் காலில் முட்டியது. முள் குத்தியது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆர்ச் கேட்டில் பெரியவரிடம் ஒப்படைத்தபோது சொன்னார்:

"சீட்டு போனதுகூடப் பரவால்ல தம்பி. 'எடுத்துக்கட்டுமா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே மடியில வெச்சிருப்பேன்."