ஐம்பதாம் ஆண்டை எப்படிக் கொண்டாடுவது?

நம் ஊரில் ஒரு சங்கத்துக்கோ மன்றத்துக்கோ ஐம்பது ஆண்டு நிறைந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு மண்டபம், ஒரு பொன்விழா மலர், மேடை நிறையப் பொன்னாடை. இசைக்குழுவாக இருந்தால், கைதட்டல் வாங்கிய பழைய பாட்டுகளையே மறுபடியும் பாடுவார்கள். நாமும் கேட்டுவிட்டு, "அந்தக் காலம் மாதிரி வருமா?" என்று சொல்லிக்கொண்டே பந்திக்குப் போவோம். இதில் தப்பில்லை. ஆனால் இது போதுமா?

போதாது என்று எனக்கு உறைத்தது 'சக்தி' குழுவின் 'திஸ் மொமென்ட்' என்ற இசைத்தொகுப்பைக் கேட்டபோதுதான். குழுவின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, 2023 ஜூன் மாதக் கடைசியில் வெளிவந்தது.

இந்தக் குழுவைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஜான் மெக்லாக்லின் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்காரர். 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' என்ற குழுவில் மின்கிட்டார் வாசித்துப் பெரும் புகழ் அடைந்தவர். ஜாஸும் ராக்கும் கலந்த அதிரடி இசை அது. அந்தப் புகழின் உச்சத்தில், அமெரிக்காவில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொள்ளப் போய் உட்கார்ந்தார். பிறகு வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேன் ஆகியோருடன் சேர்ந்து ஆரம்பித்ததுதான் 'சக்தி'. முதல் தொகுப்பில் ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கமும் உண்டு. நம்மூர் கச்சேரி மாதிரி, தரையில் விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசித்தார்கள். பவானி ஜமக்காளம் ஒன்றுதான் குறை!

கமகம் வர வேண்டும் என்பதற்காக மெக்லாக்லின் கிட்டாரையே மாற்றினார். மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து, வீணையில் இழுப்பதுபோல் தந்தியை இழுத்து வாசிக்கும்படி செய்துகொண்டார். மின்கிட்டாருக்காக அவரைத் தேடி வந்த ரசிகர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. இசைத்தட்டுக் கம்பெனிக்கும் அவ்வளவாக ரசிக்கவில்லை. 1976, 77இல் மூன்று தொகுப்புகள் வந்தன. அதோடு குழு கலைந்தது.

1997இல் மறுபடியும் கூடினார்கள். வயலின் இருந்த இடத்துக்கு மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தார். விக்கு விநாயக்ராமின் இடத்துக்கு அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். பிறகு சங்கர் மகாதேவன் வந்தார். 'என்ன சொல்லப் போகிறாய்' பாடித் தேசிய விருது வாங்கியவர் என்றால் நமக்கு உடனே தெரியும். முன்பு சொற்கட்டைத் தவிர வாய்ப்பாட்டுக்குப் பெரிய இடம் இல்லாத குழு இது. அதில் ஒரு பாடகரை நடுவில் உட்கார வைத்தார்கள்.

2014இல் ஸ்ரீநிவாஸ் 45 வயதில் காலமானார். அந்த இடத்தில் இன்னொரு மாண்டலினைத் தேடிப் பிடித்து உட்கார வைக்கவில்லை. கணேஷ் - குமரேஷ் சகோதரர்களில் கணேஷ் வயலினோடு பின்னர் சேர்ந்தார். ஸ்ரீநிவாஸின் நினைவுக்கு, புதுத் தொகுப்பில் 'ஸ்ரீனிஸ் ட்ரீம்' என்று ஓர் உருப்படியைச் செய்தார்கள். படத்துக்கு மாலை போடுவதைவிட இது எத்தனை மேல் என்று எனக்குத் தோன்றியது.

'திஸ் மொமென்ட்' தொகுப்பில் எட்டு உருப்படிகள். 1977க்குப் பிறகு இவர்கள் செய்த முதல் ஸ்டுடியோ தொகுப்பு இது. ஆளுக்கொரு ஊரில், ஏன் ஆளுக்கொரு நாட்டில் இருந்தபடி பதிவுசெய்து சேர்த்தார்கள். எல்லாமே புதுச்சரக்கு என்று சொல்ல மாட்டேன். 'கிரிராஜ் சுதா' 2001இல் வந்த மேடைப் பதிவிலேயே இருந்தது. ஆனால் பழைய ஒலிநாடாவைத் தூசி தட்டிக் கொடுக்கவில்லை. இப்போது இருப்பவர்களைக் கொண்டு திரும்ப வாசித்திருக்கிறார்கள். அப்போது மெக்லாக்லினுக்கு வயது 81. 2024 பிப்ரவரியில் கிராமி விருதும் கிடைத்தது.

விருந்தாளிப் பாடகர்களை அழைத்துத் தொகுப்பு போடுவதும் ஒரு வழிதான். டெல்லியின் 'இண்டியன் ஓஷன்' குழு தங்கள் பாடகர் அசீம் சக்கரவர்த்தியை 2009இல் இழந்தது. 2014இல் அவர்கள் வெளியிட்ட 'தண்டானு' தொகுப்பில் சுபா முத்கல், சங்கர் மகாதேவன் போன்றவர்கள் வந்து சேர்ந்து பாடினார்கள். நல்ல முயற்சி. ஆனால் விருந்தாளி ஒரு பாட்டோடு விடைபெற்றுப் போய்விடுவார். 'சக்தி' செய்தது வேறு. வந்தவரை வீட்டு ஆளாக்கிக்கொண்டது. குழுவுக்கு ஆயுள் கூடியது அதனால்தான் என்பது என் கருத்து.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். எழுபது, எண்பதுகளில் மாரியம்மன் நோன்பு என்றால் கடைசி நாள் இரவு மெல்லிசைக் கச்சேரி நிச்சயம். கிட்டார், அக்கார்டியன், தபலா, டிரம்ஸ் என்று மேடையில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். மில்லில் இரண்டாம் ஷிப்ட் முடித்து, பஞ்சு ஒட்டிய சட்டையோடு வந்து தபலாவில் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு பழைய குழுவின் ஆண்டு நிறைவுக் கச்சேரிக்குச் சில வருடங்களுக்கு முன் போயிருந்தேன். மேடையில் இரண்டு பாடகர்கள், ஒரு மடிக்கணினி. வாத்தியம் எல்லாம் ஏற்கெனவே பதிந்து வைத்த டிராக். குழுவை நடத்துபவரிடம் கேட்டேன். "ஏனுங்க, பாட்டுக் கேக்கத்தானே வந்தீங்க? வாசிக்கறது ஆளா பொட்டியான்னு பாக்கவா வந்தீங்க?" என்றார்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. பத்துப் பேருக்குச் சம்பளமும் சாப்பாடும் வேன் வாடகையும் கொடுக்க விழாக் கமிட்டி தயாராக இல்லை. ரசிகர்களும் தெரிந்த பாட்டைத்தான் கேட்கிறார்கள். ஆனால் பெட்டி வாசித்தால் அடுத்த தபலாக்காரர் எங்கிருந்து வருவார்? விநாயக்ராம் பக்கத்தில் ஒரு செல்வகணேஷ் உட்கார்ந்து பழகியதால்தானே அந்தக் குழுவுக்கு இன்னொரு தலைமுறை கிடைத்தது? உட்காரவே இடம் இல்லாவிட்டால் கற்றுக்கொள்வது எங்கே?

ஆகவே விழாக் கமிட்டியில் இருக்கும் நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குழுவைப் பேசும்போது, "எத்தனை பேர் வாசிக்கிறார்கள்? அதில் இளவட்டம் எத்தனை?" என்று கேளுங்கள். பொன்னாடைக்கும் பிளெக்ஸ் பேனருக்கும் ஆகும் செலவில் ஒரு தபலாவுக்கும் ஒரு புல்லாங்குழலுக்கும் ஆள் வைக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிராமி விருது வாங்கிய அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் காலமானார். ஐம்பதாம் ஆண்டுக்கென்று பழைய பதிவுகளையே திரட்டி ஒரு மலர் போல வெளியிட்டிருந்தால், அந்த ஐந்து பேர் சேர்ந்து செய்த ஒரு ஸ்டுடியோ தொகுப்பு நமக்குக் கிடைக்காமலே போயிருக்கும்.