துப்பாக்கிக்கு வாஷர் வைத்தியம்

"எந்த பஃபர் ரொம்ப நாள் உழைக்கும்?" கைத்துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேள்வியே தப்பு. நாள்பட உழைக்க வேண்டியது துப்பாக்கியா, பஃபரா?

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியில் தோட்டா வெடித்ததும் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் ஓடும். காலி குப்பியை வெளியே தள்ளும். பிறகு ஸ்பிரிங் அதை முன்னால் தள்ள, அடுத்த தோட்டா ஏறும். பின்னால் ஓடும் ஸ்லைடு கடைசியில் ஃப்ரேமில் முட்டும். அந்த வேகத்தை அடக்குவது ரீகாயில் ஸ்பிரிங்கின் வேலை. முட்டுகிற இடத்தில் செருகும் மெல்லிய பாலியூரிதேன் அல்லது பிளாஸ்டிக் வாஷர்தான் பஃபர். இதைப் போட்டால் ஃப்ரேம் விரிசல் விடாது, துப்பாக்கி தலைமுறை தலைமுறையாக வரும் என்பது நம்பிக்கை.

நெல்லைச் சீமைக்கு இந்த ரகத் துப்பாக்கி புதிதல்ல. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். அதற்கு மூன்று மாதம் கூட ஆகவில்லை, அதே ஜான் பிரௌனிங் வடிவமைத்த .45 துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டு. '1911' என்றே அதற்குப் பெயர். 1985 வரை, அதாவது 74 வருடம், அதுதான் அந்த ராணுவத்தின் முதன்மைக் கைத்துப்பாக்கி. இரண்டு உலகப் போர், கொரியா, வியட்நாம் எல்லாம் பார்த்தது. அதற்குள் பிளாஸ்டிக் வாஷர் எதையும் பிரௌனிங் வைக்கவில்லை. தேய்ந்த ஸ்பிரிங்கை மாற்றினார்கள், அவ்வளவுதான்!

இன்று கடையில் விற்கும் பஃபர்களில் பெரும்பாலானவை இந்த 1911 மாடலுக்காக வந்தவைதான். அதில் ஸ்பிரிங்குக்குள் ஒரு கைடு ராடு உண்டு, வாஷரை அதில் கோத்துவிடலாம். வால்தர் பிபி மாதிரி துப்பாக்கியில் ஸ்பிரிங் குழலையே சுற்றி இருக்கும், கோர்க்க ராடே கிடையாது. அதற்கும் சேர்த்து "எது நல்ல பஃபர்?" என்று கேட்பவரை என்ன சொல்ல?

ரயில் பெட்டிகளுக்கு நடுவே பஃபர் இருக்கிறதே என்று சிலர் வாதாடுவார்கள். இருக்கிறது. அது அமுங்குவதற்கான இடத்தை வடிவமைத்தவரே விட்டிருக்கிறார். ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோச் தனது யு.எஸ்.பி. துப்பாக்கியில் அப்படித்தான் ஸ்பிரிங் தொகுதிக்குள்ளேயே பஃபரை வைத்தது. பிறகு வாங்கிச் செருகும் வாஷருக்கு அப்படி இடம் ஏது? அதன் கனம் எவ்வளவோ அவ்வளவு தூரம் ஸ்லைடின் ஓட்டம் குறையும். குட்டைத் துப்பாக்கியில் அது போதும், குப்பி சிக்கிக்கொள்ள. வாஷர் நைந்து பிய்ந்தால் துணுக்குகள் உள்ளே போய் இயக்கத்தையே நிறுத்தும். உயிரைக் காக்க வைத்திருக்கும் துப்பாக்கி, உயிர் போகிற நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் துணுக்கால் நிற்க வேண்டுமா?

சரி, கணக்குக்கு வரலாம். கல்லிடைக்குறிச்சியில் வயலும் தோப்பும் உள்ள ஒரு லைசென்ஸ்தாரரை எடுத்துக்கொள்ளுங்கள். 9 மி.மீ. சாதாரணக் குடிமகனுக்குத் தடை. அவரிடம் இருப்பது .32. எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது லைசென்ஸிலேயே இருக்கும். வருடத்துக்கு 50 சுடுகிறார் என்றே வையுங்கள். ஒரு ரீகாயில் ஸ்பிரிங்குக்குப் பொதுவாகச் சொல்லும் ஆயுள் 3000 தோட்டாவுக்கு மேல். 60 வருடம்! இவருக்கு எதற்கு பஃபர்?

அவர் துப்பாக்கியின் உண்மையான எதிரி பின்னுதைப்பு அல்ல, ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மலையடிவாரத்து வீட்டு அலமாரியில், அதுவும் தோல் உறைக்குள்ளேயே கிடக்கிற துப்பாக்கி துருப்பிடிக்கும். தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைத்தால் திரும்பி வரும்வரை எண்ணெய் போட ஆள் இல்லை. பஃபரும் இதற்குத் தப்பாது. பரணில் கிடந்த பழைய ஷூவின் அடிப்பாகம் மாவு மாதிரி உதிர்வதைப் பார்த்ததில்லையா? பாலியூரிதேனில் பல வகைகள் ஈரத்திலும் வெக்கையிலும் சுடாமலே அப்படித்தான் உதிரும்.

பஃபர் கேட்பவர்களின் பயம் பொய்யல்ல. 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு சாதாரண லைசென்ஸ்தாரர் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கியை இறக்குமதி செய்ய முடியாது. தாத்தா காலத்து வால்தரின் ஃப்ரேம் உடைந்தால் போனது போனதுதான். லட்சக்கணக்கில் விலை. அதனால்தான் ஏதாவது ஒரு காப்பு வேண்டும் என்று மனசு அலைகிறது. ஆனால் பயம் நிஜம் என்பதற்காக மருந்தும் நிஜமாகிவிடுமா? அந்த ஃப்ரேமைக் காப்பது அளவான ஸ்பிரிங். அளவு முக்கியம். ரொம்ப விறைப்பான ஸ்பிரிங் போட்டால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் வராது, முன்னால் போகும்போதும் ஓங்கி அறையும்.

இன்னொரு கூத்து, லேத் பட்டறையில் சொல்லி வாஷர் கடைந்து வாங்குவது. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். நூறு ரூபாய் வாஷருக்காக லைசென்ஸையே பணயம் வைப்பார்களா?

பஃபர் யாருக்குத்தான் உதவும்? வாரா வாரம் ரேஞ்சில் நூற்றுக்கணக்கில் சுடும் போட்டிக்காரருக்கு, அதுவும் துப்பாக்கி அதை ஏற்றால். அவரும் ஒவ்வொரு முறை கழற்றித் துடைக்கும்போதும் வாஷரைப் பார்க்க வேண்டும். வெட்டுக் கண்டால் தூக்கி எறிய வேண்டும். அடியைத் தான் வாங்கிக்கொண்டு தேய்வதற்குத்தானே அதைப் போடுகிறார்கள்? தேயவே தேயாத பஃபர் இரும்பு மாதிரிதான் இருக்கும். இரும்பு ஏற்கெனவே அங்கே இருக்கிறது!

மற்றவர்கள் அந்தக் காசுக்கு தயாரிப்பாளர் சொன்ன அளவில் ஒரு புது ஸ்பிரிங்கும் ஒரு குப்பி துப்பாக்கி எண்ணெயும் வாங்கட்டும். மாற்றும் வேலையை லைசென்ஸ் உள்ள கடைக்காரரிடம் விடட்டும். பழைய ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் வைத்தாலே தெரியும், எவ்வளவு குறுகியிருக்கிறது என்று. அந்தக் குறைதான் இத்தனை நாள் ஃப்ரேம் கூடுதலாக வாங்கிய அடி.