தண்ணியில்லாக் காடு

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று அந்தக் காலத்து மேலதிகாரிகள் மிரட்டுவார்கள். இப்போது அமெரிக்காவில் அந்தக் காட்டைக் காசு கொடுத்தே வாங்கலாம். சில ஆயிரம் டாலருக்கு இரண்டரை ஏக்கர் என்று பிள்ளைகள் போனில் சொன்னால் நமக்கும் சபலம் தட்டும். மண்ணில் போட்ட பணம் வீண்போகாது என்று நம்பி வளர்ந்தவர்களாயிற்றே!

கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் 'கலிஃபோர்னியா சிட்டி' என்றொரு ஊர். 1958-ல் நாட் மெண்டல்சன் என்பவர் அங்கே பெரும் நிலப்பரப்பை வாங்கி, மாநகரம் எழும்பப்போகிறது என்று மனை போட்டு விற்றார். பரப்பளவில் அது மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகையோ சுமார் 15,000தான். இன்றும் வீடே இல்லாத தெருக்கள் மைல் கணக்கில் கோடு கோடாகக் கிடக்கின்றன.

நிலம் உண்டு, பத்திரமும் உண்டு. ஆனால் தண்ணீர்? பல நூறு அடி தோண்டியும் கிடைக்காமல் போகலாம். பிறகு லாரித் தண்ணீர்தான். மின்கம்பியைத் தூரத்திலிருந்து இழுக்கும் செலவு பெரும்பாலும் நம் தலையில். சுற்றிலும் அடுத்தவர் நிலமாக இருந்தால், சட்டப்படி பாதை உண்டா என்றும் பார்க்க வேண்டும். சும்மா கிடந்தாலும் ஆண்டுதோறும் வரி கட்ட வேண்டும். விற்கலாமென்றால் ஆள் வரமாட்டார்.

நம் பெரியவர்கள் கிணற்றை எட்டிப் பார்க்காமல் காடு வாங்கியதில்லை. பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: படத்தைப் பார்த்து முன்பணம் கட்டாதே. நேரில் போ. தண்ணீர், வழி, மின்சாரம் மூன்றையும் விசாரி. அப்புறம் விலை பேசு.